வீட்டிலேயே இஞ்சிச் சோடா: உறை வைப்பதிலிருந்து பாட்டில் திறப்பது வரை

அக்கா மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து லீவுக்கு வந்தபோது பெட்டிக்குள் துணி சுற்றி ஒரு தகர டின் கொண்டுவந்தான். உள்ளே 1.7 கிலோ மால்ட் பாகு, மூடிக்கு அடியில் ஒரு சின்ன ஈஸ்ட் பாக்கெட். சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துப் புளிக்க வைத்தால் 23 லிட்டர் லாகர் பீர் கிடைக்கும் என்றான். அங்கே சூப்பர் மார்க்கெட்டிலேயே விற்கிறார்களாம். கூடவே, கரைசலில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று மிதக்கவிட்டுப் பார்க்கும் ஒரு கண்ணாடி மிதவைமானியும் நீளமான பாட்டில் பிரஷும் இருந்தன.

“சித்தி, இங்க போட்டுப் பாப்போமா?”

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அங்கே வீட்டில் பீர் போடுவது சட்டப்படி சரி. இங்கே 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், வீட்டுக்குள்ளே என்றாலும் குற்றம்தான். சட்டத்தை விடுங்கள், நாகர்கோவில் வெக்கையும் அதற்கு ஒத்துவராது. அசல் லாகர் ஈஸ்டுக்கு 8 முதல் 13 டிகிரி குளிர் வேண்டும். புளித்து முடிந்த பிறகும் வாரக்கணக்கில் குளிரிலேயே கிடக்க வேண்டும். ‘லாகர்’ என்ற பெயரே சேமித்து வைப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்ததுதான். எங்கள் அடுக்களையில் மார்கழியிலேயே 26 டிகிரிக்குக் கீழே இறங்காது.

டின்னை அவன் திரும்பக் கொண்டுபோய்விட்டான். ஆனால் பாட்டிலை எப்படிச் சுத்தம் செய்வது, கழுத்தில் எவ்வளவு இடைவெளி விடுவது, அடைத்த பாட்டிலுக்குள் வாயு எப்படிப் பிறக்கிறது என்று அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டில் வித்தை முழுவதும் நான் பல வருஷமாகப் போட்டுவரும் இஞ்சிச் சோடாவுக்கு அப்படியே பொருந்தியது. கையும் கண்ணும் பழக்கத்தில் செய்துகொண்டிருந்ததற்கு அவன் கணக்குச் சொன்னான். அந்தக் கணக்கோடு சேர்த்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு

இதைப் படிக்காமல் செய்முறைக்குத் தாண்டிப் போகாதீர்கள்.

பனையில் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டினால் அக்கானி, அதாவது பதநீர்; தடவாமல் கட்டினால் கள். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கலயத்திலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட் இனிப்பைத் தின்னத் தொடங்குகிறது. சுண்ணாம்பு அதை அடக்கி வைக்கிறது. இஞ்சித் தோலிலும் அதே மாதிரி ஈஸ்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு இனிப்பு கொடுத்தால் நமக்கு வேண்டிய வாயுவைத் தரும். ஆனால் வாயுவோடு ஆல்கஹாலும் வரும். ஒன்று மட்டும் வேண்டும், மற்றது வேண்டாம் என்று ஈஸ்டிடம் கேட்க முடியாது.

ஒரு லிட்டரில் 8 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் ஏறக்குறைய 4 கிராம் வாயுவும் 4 கிராம் ஆல்கஹாலும் உண்டாகும். அந்த ஆல்கஹால் கொள்ளளவுக் கணக்கில் அரை சதவீதம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறை மதுபானம் என்று எதைச் சொல்கிறது தெரியுமா? அரை சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளதை. ஆக, நாம் அந்த 8 கிராமுக்கு உள்ளேயே நிறுத்த வேண்டும். லிட்டருக்கு 4 கிராம் வாயு என்பது குறைச்சல் இல்லை. நாக்கில் நன்றாகவே சுறுசுறுக்கும். கடைச் சோடாவில் இதைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு இருக்கும். அந்தக் காட்டம் வீட்டுச் சோடாவில் வராது, வரவைக்கவும் முயற்சி செய்ய வேண்டாம்.

எப்போது நிறுத்துவது என்று பாட்டிலே சொல்லும். கலவையைத் திறந்த பாத்திரத்தில் புளிக்க விட்டால் வாயு பறந்துவிடும், ஆல்கஹால் மட்டும் தங்கிவிடும். எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. கலக்கிய உடனே பாட்டிலில் அடைத்துவிட்டால் பிறந்த வாயு முழுவதும் உள்ளேதான் இருக்கும். பாட்டில் எவ்வளவு விறைக்கிறதோ அவ்வளவு சர்க்கரை போயிருக்கிறது என்று அர்த்தம். இணையத்தில் பலர் இரண்டு நாள் திறந்து வைத்துவிட்டு அப்புறம் அடைக்கச் சொல்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை.

இஞ்சி உறை

மோருக்கு உறை போல இதற்கும் ஓர் உறை வேண்டும். ஒரு முறை பிடித்துவிட்டால் மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

இஞ்சி நல்லதாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கால் பங்கு வேலை. தென்னைக்கும் வாழைக்கும் ஊடே இஞ்சி போடாத தோட்டம் எங்கள் பக்கம் குறைவு; தெரிந்த வீட்டில் பிடுங்கிய இஞ்சி கிடைத்தால் வேறு பேச்சே வேண்டாம். இல்லாவிட்டால் வடசேரி கனகமூலம் சந்தையில் மண் ஒட்டிய இஞ்சியாகப் பார்த்து வாங்குங்கள். பளபளவென்று கழுவித் தேய்த்து பிளாஸ்டிக்கில் சுற்றிய இஞ்சியில் எனக்கு இரண்டு முறை உறை பிடிக்கவில்லை. மண் போகத் தண்ணீரில் அலசினால் போதும், தோலைச் சீவக் கூடாது. நமக்கு வேண்டிய சரக்கே தோலில்தான்.

தண்ணீரில் குளோரின் இருந்தால் உறை சாகும். கிணற்றுத் தண்ணீர் என்றால் கொதிக்க வைத்து ஆற்றிக்கொள்ளுங்கள். நகருக்குள் முக்கடல் அணைத் தண்ணீர் குழாயில் வருகிற வீடுகளும் அப்படியே, நன்றாகக் கொதிக்க வைத்து, அகலமான பாத்திரத்தில் ராத்திரி முழுக்க ஆறவிட்டால் குளோரின் வாடை போய்விடும்.

ஒரு கண்ணாடி பரணியில் அரை லிட்டர் தண்ணீர், தோலோடு துருவிய இஞ்சி இரண்டு மேசைக்கரண்டி, சாதாரண வெள்ளைச் சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி. கலக்கி, வாயை மெல்லிய துணியால் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். தினமும் ஒரு கரண்டி இஞ்சி, ஒரு கரண்டி சர்க்கரை போட்டு, காலையும் மாலையும் காய்ந்த மரக்கரண்டியால் கிளறுங்கள். உறைக்குக் கருப்பட்டி வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் நாள் ஒன்றும் நடக்காது. இரண்டாம் நாள் இஞ்சித் துருவல் மேலே மிதக்கத் தொடங்கும். மூன்றாம் நாள் காலையில் காதை வாயருகே வைத்துப் பாருங்கள். மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்தால் கேட்குமே, அந்த மாதிரி சன்னமாக ஒரு சத்தம் வரும். கிளறினால் ஓரத்தில் வெள்ளை நுரை கட்டும். இஞ்சி மணத்துக்குள் ஆப்ப மாவின் புளிப்பு மணம் லேசாக வர வேண்டும். பங்குனி, சித்திரையில் மூன்று நாள் போதும். மழைக்காலத்தில் ஐந்து நாள்கூட ஆகும். ஒரு வாரமாகியும் அசைவே இல்லையென்றால் கொட்டிவிட்டு வேறு இஞ்சியில் ஆரம்பியுங்கள்.

பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு போல பூசணம் பிடித்தால் மேலாக வழித்துவிட்டுப் பயன்படுத்த வேண்டாம். மொத்தமாகக் கொட்டி, பரணியைக் கொதிநீரில் கழுவுங்கள். கரண்டியால் தூக்கும்போது உறை கோழை மாதிரி நூலிழுத்தாலும் அதே கதிதான். வேறு பாக்டீரியா வீடு பிடித்துவிட்டது என்று பொருள்.

பாகு

இரண்டு லிட்டர் சோடாவுக்கான அளவு இது. இஞ்சி 120 கிராம், கருப்பட்டி 100 கிராம், சர்க்கரை 60 கிராம், எலுமிச்சம்பழம் இரண்டு, ஏலக்காய் இரண்டு, நல்லமிளகு ஐந்தாறு. காட்டம் பிடித்தவர்கள் ஒரு சின்னத் துண்டு சுக்கையும் தட்டிப் போடலாம்.

கருப்பட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தனிச் சர்க்கரையில் போடும் இஞ்சிச் சோடா எந்த ஊரிலும் ஒரே ருசிதான். கருப்பட்டி சேர்ந்தால்தான் அதற்கு நம்ம ஊர் முகம் வருகிறது. புகையும் பனையும் கலந்த அந்த அடி ருசி, இஞ்சியின் எரிச்சல் அடங்கிய பிறகு தொண்டையில் மெதுவாக வந்து நிற்கும். ஆனால் அக்கானி இறக்கும்போது தடவிய சுண்ணாம்பில் கொஞ்சம் கருப்பட்டியிலும் தங்கியிருக்கும். கலயத்தில் ஈஸ்டை அடக்கிய அதே சுண்ணாம்பு நம் பரணியிலும் அதைத்தான் செய்யும். அதனால்தான் உறைக்குக் கருப்பட்டி வேண்டாம் என்றேன். பாகில் எலுமிச்சைச் சாறு இருப்பதால் சமாளித்துக்கொள்ளலாம்.

கருப்பட்டியைத் தட்டி ஒரு டம்ளர் வெந்நீரில் கரைத்து, அசைக்காமல் அரை மணி நேரம் வையுங்கள். டம்ளரைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வண்டல் படிந்திருக்கும். மணலும் சுண்ணாம்பும் பனந்தும்பும் கலந்தது. மேலே தெளிந்ததை மட்டும் துணியில் வடித்து எடுங்கள். கருப்பட்டி காய்ச்சும் வீட்டில் நேராக வாங்க முடிந்தால் நல்லது. சர்க்கரைப் பாகு கலந்த கருப்பட்டி சந்தையில் நிறையவே வருகிறது. அதில் இனிப்பு இருக்கும், அந்த அடி ருசி இருக்காது.

இஞ்சியை அம்மியில் நசுக்கினால் ருசி நன்றாக இறங்கும். மிக்சியில் இரண்டு சுற்றும் சரிதான், விழுதாக அரைக்க வேண்டாம். நசுக்கிய இஞ்சி, மிளகு, ஏலக்காயை அரை லிட்டர் தண்ணீரில் போட்டு, மூடி, சின்னத் தீயில் பதினைந்து நிமிஷம் கொதிக்கவிடுங்கள். கருப்பட்டிக் கரைசலும் சர்க்கரையும் சேர்த்து இன்னும் ஐந்து நிமிஷம். இறக்கி, மூடியபடியே ஆறவிட்டு, துணியில் பிழிந்து வடியுங்கள். ஏற்கெனவே கொதித்து ஆறிய தண்ணீரைச் சேர்த்து மொத்தம் 1.8 லிட்டருக்குக் கொண்டுவாருங்கள். எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். சாறு ருசிக்கு மட்டுமல்ல. புளிப்பு ஏறினால்தான் கெட்ட கிருமிகள் ஒதுங்கும். லிட்மஸ் மாதிரியான பி.எச். தாள் கையில் இருந்தால் 4.5-க்குக் கீழே காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டவில்லை என்றால் இன்னும் அரைப் பழம்.

இப்போது வாயில் விட்டுப் பார்த்தால் ‘கொஞ்சம் இனிப்பு தூக்கல்’ என்று தோன்ற வேண்டும். குளிரில் இனிப்பு அடங்கித் தெரியும்.

உறை சேர்ப்பதற்கு முன்னால் பாத்திரத்தின் அடியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்புகூட இல்லாமல் ஆறியிருக்க வேண்டும். 40 டிகிரிக்கு மேலே போனால் ஈஸ்ட் தளர்ந்து சாகத் தொடங்கும். பொறுமை இல்லாமல் சூட்டோடு ஊற்றிவிட்டு ‘பொங்கவே இல்லை’ என்று என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். பரணியிலிருந்து அரை டம்ளர், அதாவது 125 மில்லி உறைத் தண்ணீரை வடித்து ஊற்றிக் கலக்குங்கள். எடுத்த அளவுக்குத் தண்ணீரும், ஒரு கரண்டி இஞ்சியும் சர்க்கரையும் பரணியில் போட்டுவிட்டால் உறை தொடரும். அடிக்கடி போடாதவர்கள் பரணியைப் பிரிட்ஜில் வைத்து வாரத்துக்கு ஒரு முறை தீனி போட்டால் போதும்.

பாட்டில்

பீர் போடுகிறவர்கள் கண்ணாடி பாட்டிலில் தகர மூடி அடித்து அடைப்பார்கள். அவர்களுக்கு அது சரி. ஏனென்றால் அவர்கள் சர்க்கரை முழுவதும் தீர்ந்த பிறகு, வாயுவுக்கு வேண்டிய அளவு சர்க்கரையை மட்டும் அளந்து போட்டு அடைக்கிறார்கள். அது தீர்ந்ததும் தானாக நின்றுவிடும். நம் சோடாவில் லிட்டருக்கு 80 கிராம் இனிப்பு கிடக்கிறது. நாம் கேட்பது அதில் பத்தில் ஒரு பங்கு. தடுக்க ஆள் இல்லையென்றால் ஈஸ்ட் மிச்சத்தையும் தின்றுகொண்டே போகும், கண்ணாடி வெடிக்கும். அழகான கோலி சோடா பாட்டில் கிடைத்தாலும் இதற்கு எடுக்காதீர்கள். 1870-களில் இங்கிலாந்தில் ஹைரம் காட் வடிவமைத்த அந்தப் பாட்டில் இயந்திரத்தில் அளந்த வாயு நிரப்பத் தோன்றியது. உள்ளே வாயு வளர்ந்துகொண்டிருக்கும் பானத்துக்கு அல்ல.

கடையில் சோடா, கோலா வருகிற பிளாஸ்டிக் பாட்டில்தான் இதற்குச் சரி. குடிநீர் பாட்டில் ஆகாது. அது மெலிசு, வாயு தாங்காது. கோலா குடித்த உடனேயே பாட்டிலைக் கழுவி வைத்துவிடுங்கள், காய்ந்த பிறகு கழுவுவது பெரும்பாடு. பிரஷும் சோப்புமாக உள்ளே தேய்த்து, சோப்பு வாடை போகும்வரை அலசி, கடைசியாகக் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு அலசு. கொதிநீரை ஊற்றாதீர்கள், பாட்டில் சுருங்கிவிடும். மூடியின் உள் வளையத்தில்தான் அழுக்கு ஒளிந்திருக்கும். பழைய டூத் பிரஷால் தேய்க்கவும். மூடி விரிந்திருந்தால் எறிந்துவிடுங்கள். வாயு கசிந்தால் நம் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும்.

புனல் வைத்து ஊற்றி, கழுத்திலிருந்து மூன்று விரல் இடைவெளி விட்டு, இறுக மூடுங்கள். அரை லிட்டர் பாட்டில்களாக நான்கு என்றால் கையாள வசதி. மூடியில் தேதியும் நேரமும் எழுதிவிடுங்கள். அப்புறம் ஒரு வாளிக்குள்ளோ மூடியுள்ள பெட்டிக்குள்ளோ நிறுத்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

கட்டைவிரல்

மிதவைமானியால் பார்க்கலாமே என்று அக்கா மகன் கேட்டான். 8 கிராம் சர்க்கரை குறைந்தால் அந்தக் கருவியில் ஓரிரு கோடுதான் இறங்குகிறது. அதையும் பார்க்கப் பாட்டிலைத் திறந்தாக வேண்டும். கட்டைவிரலே நல்ல கருவி.

திறக்காத கடைச் சோடா பாட்டில் ஒன்றை வாங்கி, பிரிட்ஜுக்கு வெளியே, நம் பாட்டில்களுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவு, அதே ரகப் பாட்டிலாக இருந்தால் இன்னும் நல்லது. அதை அமுக்கினால் கல் மாதிரி இருக்கும். நம்முடையது அடைத்தவுடன் துவண்டு கிடக்கும். எட்டு மணி நேரத்தில் விறைப்பு தெரியத் தொடங்கும். நன்றாக அழுத்தினால் மட்டும் கொஞ்சம் அமுங்கி, விரலை எடுத்ததும் டக்கென்று திரும்ப வேண்டும். அதுதான் நமக்கு வேண்டிய இடம். கடைச் சோடா அளவுக்குக் கல்லாகிவிட்டால் அரை சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை வெக்கையில் 15 முதல் 24 மணி நேரத்திலேயே அந்த இடம் வந்துவிடும். ஆடிச் சாரலிலும் மார்கழியிலும் ஒன்றரை நாள், இரண்டு நாள். எட்டு மணி நேரம் கழிந்த பிறகு மூன்று நான்கு மணிக்கு ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். ராத்திரி தூங்கும்போது பாதி விறைத்திருந்தால் ‘காலையில் பார்ப்போம்’ என்று விடாமல் அப்போதே பிரிட்ஜில் வைத்துவிடுவேன். கொஞ்சம் சுறுசுறுப்பு குறைந்தால் ஒரு நஷ்டமும் இல்லை.

பிரிட்ஜ்

குறைந்தது 12 மணி நேரம் குளிர வேண்டும். 4 டிகிரியில் தண்ணீர் பிடித்து வைக்கும் வாயு 30 டிகிரியில் பிடிப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அவசரப்பட்டுத் திறந்தால் வாயு முழுவதும் நுரையாகப் போய்விடும். ஆற வைத்துத் திறந்தால் சோடாவுக்குள்ளேயே தங்கும்.

குளிரில் ஈஸ்ட் சாகாது, படுத்துத் தூங்கும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்தபோது இதை நேரில் பார்த்தேன். அதற்கு முந்தின நாள்தான் ஆறு பாட்டில் பிரிட்ஜில் வைத்திருந்தேன். மரங்களும் மின்கம்பங்களும் விழுந்து எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை. ரப்பரும் வாழையும் போன துக்கத்தில், கடலுக்குப் போனவர்களைப் பற்றிய சேதிக்குக் காத்திருந்த வேளையில், பாட்டிலை யார் நினைப்பார்கள்? மூன்றாம் நாள் கெட்டுப்போனதைக் கழிக்கலாம் என்று பிரிட்ஜைத் திறந்தபோது ஆறும் அடி புடைத்து, நேராக நிற்க முடியாமல் சாய்ந்து கிடந்தன. கொல்லைக்குக் கொண்டுபோய், ஈரச் சாக்கைப் போர்த்தி, ஒவ்வொரு மூடியையும் இம்மி இம்மியாகத் திருகி வாயுவை விட்டேன். ஒன்று கையைத் தாண்டி மதில்வரை பீறிட்டது. எல்லாவற்றையும் தென்னை மூட்டில் ஊற்றினேன். கண்ணாடியில் வைத்திருந்தால் அன்றைக்கு என் கை என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். அதிலிருந்து, கரண்ட் நாலு மணி நேரத்துக்கு மேல் போனால் முதலில் சோடா பாட்டில்களைத்தான் போய்ப் பார்ப்பேன். ஊருக்குப் போகிற வாரத்தில் சோடா போடுவதே இல்லை.

ஐந்து நாளைக்குள் குடித்துவிடுங்கள். அதற்கு மேல் புளிப்பும் ஏறும், பாட்டிலும் விறைக்கும். அழுகிய முட்டை வாடை லேசாக வந்தால் பயப்பட வேண்டாம். திறந்து பத்து நிமிஷம் விட்டால் போய்விடும். நூலிழுத்தால், பூசணம் தெரிந்தால் குடிக்காதீர்கள்.

அரை சதவீதத்துக்குள்தான் என்றாலும் இதில் ஆல்கஹால் இருக்கிறது என்பதை விருந்தாளிகளிடம் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. மார்க்கம் சார்ந்து தொடாதவர்கள், குடியை விட்டு மீண்டு வந்தவர்கள், கர்ப்பிணிகள் என்று எத்தனையோ பேர் இருப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் நான் கொடுப்பதில்லை. தக்கலையிலிருந்து வரும் என் தோழிக்காகப் பாகைக் கெட்டியாகக் காய்ச்சி, உறை சேர்ப்பதற்கு முன்பே ஒரு குப்பியில் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். அவள் வரும்போது கடைச் சோடாவில் கலந்து கொடுத்தால் போதும்.

திறக்கும்போது பாட்டிலைக் குலுக்காமல் எடுத்து, தொட்டிக்கு மேலே பிடித்து, மூடியைக் கால் திருகு திருகி நிறுத்துங்கள். ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்து, நுரை கழுத்துவரை ஏறும். அது இறங்கும்வரை மீண்டும் இறுக்குங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு முழுதாகத் திறக்கலாம். டம்ளரைச் சாய்த்து ஓரமாக ஊற்றுங்கள். அடியில் ஒரு விரல் அளவுக்குக் கலங்கல் நிற்கும். அதைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். ஐஸ் வேண்டாம். கருப்பட்டியின் அடி ருசி ஐஸில் செத்துப்போகும்.